சிவதர்ஷன் பெயரில் இருபத்தாறு ஆடுகள்

அத்தியாயம் 17

துளசி அந்தக் கடிதத்தை ஏன் மூன்று நாள் அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தாள் என்று கேட்டு ஏழெட்டுப் பேர் எழுதிவிட்டீர்கள். ஒருவர் அவளுக்கு வேறொரு ஆளோடு தொடர்பு என்றே முடிவு கட்டிவிட்டார். நல்ல மனுஷர்! கொஞ்சம் பொறுங்கள் ஐயா, இன்றைக்கு அது வெளியே வரும். வந்த பிறகு, நீங்கள் நினைத்ததே பரவாயில்லை என்று தோன்றினால் என்னைத் திட்டாதீர்கள்.

போன வாரம் படிக்காதவர்களுக்காக நாலு வரி. சிவதர்ஷனும் துளசியும் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் மிச்சம் பகுதிக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. அவனுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, பெரும்பாலும் இரவு ஷிப்ட். அந்த வேலைக்குக் கிடைத்த விசாவில்தான் அவனும், அவனைச் சார்ந்து மனைவியும், ஏழு வயது மகள் தாரிணியும் இந்த நாட்டில் நிற்கிறார்கள். அந்த விசா முடிய இன்னும் பத்தொன்பது நாள். அதற்குள் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பம் போயாகவேண்டும்.

இந்த நேரம் பார்த்து, கம்பளி வாரியம் என்று ஒரு இடத்திலிருந்து அவன் பெயருக்குக் கடிதம். 'உங்களுடைய இருபத்தாறு ஆடுகளின் இந்த வருடக் கம்பளி எங்களுக்கு வந்து சேரவில்லை. திங்கட்கிழமை எங்கள் அதிகாரி நேரில் வருவார்.'

புதன்கிழமை காலை எட்டரை மணி. ஷிப்ட் முடிந்து வந்த சிவதர்ஷன், மனைவி குளிக்கிறாளே, நானே சோற்றுக்கு அரிசி போடலாம் என்று வாளிக்குள் கையை விட்டான். நல்லது செய்யப் போகிறவனுக்குத்தான் இப்படியெல்லாம் அகப்படும்.

துளசி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது கடிதம் மேசையில் விரிந்து கிடந்தது. மடிப்புக்குள் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதென்ன துளசி? அரிசிக்குள்ள கிடக்கு."

"எங்கயோ வைச்சனான். மறந்துபோனன்."

"இருபத்தாறு ஆடாம்! என்னட்டை ஒரு கோழிக்குஞ்சும் இல்லை. ஆரோ விசரன் பேர் மாறி அனுப்பியிருக்கிறான்."

சிரித்தான். சிரித்தபடியே விலாசத்தைப் பார்த்தான். முழுப்பெயர், வீட்டு இலக்கம், தபால் குறியீடு எல்லாம் சரியாக இருந்தன. மூன்று வருடமாகப் பதிவில் இருக்கும் உற்பத்தியாளர் என்றும் எழுதியிருந்தது. அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது.

"பங்கு," என்றான். "உங்கட அண்ணைன்ர பங்கு ஆடு."

பங்கு என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஐந்தாறு வீட்டார் சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி, ஈரலும் எலும்பும் எல்லோருக்கும் சமமாக வரும்படி கூறு போட்டுப் பிரித்துக்கொள்வதுதான் பங்கு. துளசியின் தமையன் அருள்நேசன் அந்த வழக்கத்தை இங்கேயும் விடவில்லை. மிச்சம் பகுதியில் கடை வைத்திருக்கும் மனுஷர், கெண்ட் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரிடம் பன்னிரண்டு வீட்டாருக்காக இருபத்தாறு தாய் ஆடுகளைப் புல்லுக்கு விட்டிருக்கிறார். குட்டிகள் வளர்ந்ததும் முறைப்படி இறைச்சிக்கூடத்துக்குப் போய், தீபாவளிக்கும் வருஷப்பிறப்புக்கும் பங்காகத் திரும்பி வரும்.

பங்கு ஆட்டுக்குச் சொந்தக்காரன் என்று தனியாக ஒருத்தன் கிடையாது. இங்கிலாந்தில் அப்படி விடமாட்டார்கள். ஏதோ ஒரு படிவத்தில் யாரோ ஒருவருடைய பெயர் இருந்தே ஆகவேண்டும்.

"விசாவுக்கு இதாலை பிரச்சினை வருமே?" என்று துளசி கேட்டாள்.

"ஆட்டுக்கும் விசாவுக்கும் என்ன?" என்றான் அவன். ஆனால் கை தானாகவே போனை எடுத்து வக்கீலின் இலக்கத்தை அழுத்தியது.

பதினொரு மணிக்குக் குரோய்டனில் இருந்தார்கள். வக்கீல் கனகவல்லி சேலத்துக்காரி. குடிவரவு வழக்குகளில் பதினைந்து வருடம் ஊறியவள். முகத்தைப் பார்த்து ஆறுதல் சொல்லும் பழக்கம் அவளிடம் இல்லை. கடிதத்தை ஒரு தடவை படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"காலையில நான் சொன்னபடி அவங்களுக்கு போன் பண்ணீங்களா?"

"ஓம் மேடம். பதிவுப் படிவத்தை ஈமெயில்ல அனுப்புறதாச் சொன்னவை."

"வரட்டும். முதல்ல இது என்னன்னு புரிஞ்சுக்கங்க. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல பட்டாளத்துக்கு உடுப்பு வேணும்னு, நாட்டுல வெட்டுற கம்பளி மொத்தத்தையும் அரசாங்கமே எடுத்துக்கிச்சு. போர் முடிஞ்சுது. திடீர்னு கையை எடுத்தா விலை விழுந்து விவசாயி செத்துடுவான்னு, 1950-ல ஒரு வாரியம் போட்டாங்க. நாலு ஆட்டுக்கு மேல வச்சிருந்தா அதுல பதிவு பண்ணணும். ரோமத்தை அவங்க வழியாத்தான் விக்கணும். பாலுக்கு, உருளைக்கிழங்குக்கெல்லாம்கூட அப்படி வாரியம் இருந்துச்சு, எல்லாத்தையும் மூடிட்டாங்க. இது மட்டும் நிக்குது."

"சண்டை முடிஞ்சு எண்பது வருசமாச்சே!"

"அதுக்கு?"

சிவதர்ஷன் கசப்பாகச் சிரித்தான். "சண்டை முடிஞ்சாலும் சட்டம் முடியாது எண்டு எங்களுக்குத் தெரியாததே. சரி, கம்பளியைக் குடுத்திட்டாப் பிரச்சினை தீந்துதுதானே?"

"கம்பளிப் பிரச்சினை தீரும். உங்க பிரச்சினை தீராது." கனகவல்லி நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள். "உங்க விசாவுல நீங்க முதியோர் இல்லத்துல வேலை செய்யலாம். சொந்தத் தொழில் பண்ணக்கூடாது. இந்தக் காகிதப்படி நீங்க மூணு வருஷமா ஆட்டுப் பண்ணை நடத்துறீங்க."

துளசி கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைத் தேடினாள்.

"மேடம், நான் அந்த ஆடுகளைக் கண்ணாலையும் கண்டதில்லை!"

"நம்புறேன். ஆனா விண்ணப்பத்தைப் பாக்கப்போற அதிகாரி என்னை மாதிரி உங்களுக்கு டீ போட்டுக் குடுத்துக் கதை கேக்க மாட்டார்."

"சொல்லாமல் விட்டா?"

"மறைச்சீங்கன்னு பின்னாடி தெரிஞ்சா, அது பொய் சொன்ன கணக்கு. அப்புறம் இந்த நாட்டுல உங்க எந்த விண்ணப்பமும் நிக்காது. மூணு பேரும் கிளம்ப வேண்டியதுதான். சட்டம் வேற இறுகிக்கிட்டே போகுது. இப்ப விட்டா மறுபடி எப்ப வாய்ப்புன்னு எனக்கே தெரியாது."

அப்போதுதான் சிவதர்ஷனின் போனில் ஈமெயில் வந்து விழுந்தது. கனகவல்லி அதைத் தன் கணினிக்கு வாங்கி, திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். ஒரே ஒரு பக்கம். அதன் அடியில் நீல மையில் சாய்ந்த எழுத்துகளில் சிவதர்ஷனின் பெயர், கீழே ஒரு கோடு.

"உங்க கையெழுத்தா?"

"இல்லை! என்ர மாதிரிக் கிடக்கு. ஆனா நான் வைக்கேல்லை. சத்தியமா இல்லை."

"அப்ப யாரு?"

யார் என்பது துளசிக்குத் தெரியும். அது அவள் வைத்தது.

இப்போது சொல்லுங்கள், யாரைக் குற்றம் சொல்வது? இரவெல்லாம் வேலை செய்து பகலெல்லாம் தூங்குகிற ஒரு கணவனை, பார்சல்காரன் மணியடிக்கும்போதெல்லாம் எழுப்ப முடியுமா? பார்சலுக்கும், பள்ளிக்கூடத்துப் படிவத்துக்கும், காஸ் மீட்டர் பார்க்க வருகிறவனுக்கும் துளசியே அவன் பெயரில் கையெழுத்து வைத்துப் பழகிவிட்டாள். நம் வீடுகளில் இது ஒரு விஷயமா? அவனுக்கும் தெரியும். "நீரே வையும்" என்று போர்வைக்குள்ளிருந்து சொல்கிறவன்தான் அவன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தேர்த் திருவிழா முடிந்து துளசி தமையனின் கடைக்குள் நுழைந்தபோது, தாரிணி அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அருள்நேசன் ஒரு காகிதத்தை நீட்டினார். "பங்கு ஆட்டுக்கு ஒரு பேர் கேக்கிறாங்கள். சிவான்ர பேரைப் போட்டிட்டன். நீயே ஒரு சைனை வை." ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வைத்தாள். படித்துப் பார்க்கவில்லை. அண்ணன் தந்த காகிதத்தை எவள் படித்துப் பார்ப்பாள்? வீட்டுக்குப் போய் அவனிடம் சொல்லவும் மறந்துபோனாள்.

கடிதம் வந்த அன்றே அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அரிசி வாளியின் கதை இவ்வளவுதான்.

"யார் போட்டாங்களோ, அவங்க 'இவருக்குத் தெரியாம நான்தான் போட்டேன்'னு எழுதிக் குடுக்கணும்," என்றாள் கனகவல்லி. "அது இருந்தா நீங்க ஏமாத்தப்பட்ட ஆளு. இல்லேன்னா நீங்க விசாவை மீறின ஆளு."

துளசி மெல்லக் கேட்டாள். "மேடம், சும்மா கேக்கிறன். வீட்டுக்குள்ளயே ஆரும் வைச்சிருந்தால்?"

"அப்ப கதையே வேற. ஒரே வீடு, ஒரே விசா. புருஷனுக்குத் தெரியாதுன்னு யார் நம்புவா? நானே நம்ப மாட்டேன்."

"என்ன விசர்க் கேள்வி துளசி!" சிவதர்ஷன் எழுந்துவிட்டான். "வேற ஆர் வைக்கிறது? உங்கட அண்ணைதான். வாரும், கேப்பம்."

சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா? நானும் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். சொல்லியிருந்தால் கனகவல்லி அந்தக் கணமே கோப்பை மூடியிருப்பாள். துளசி அவன் பின்னால் எழுந்து போனாள். ட்ராமில் அவன் பக்கத்தில் இருந்தாள். அவன் கோபத்தில் முழங்காலை ஆட்டிக்கொண்டே வந்தான். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள், ஒன்றும் கண்ணில் படவில்லை.

அருள்நேசன் கடை வாசலில் முருங்கைக்காய்ப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மைத்துனனைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"வா சிவா! நித்திரை கொள்ளேல்லையே? பூசணிக்காய் ஒண்டு எடுத்துக்கொண்டு போ. அலொட்மென்ட்டில, என்ர வாடகைத் தோட்டத் துண்டில காய்ச்சது, ஒரு நத்தையும் அண்டேல்லை. என்ன மருந்து தெரியுமே? ஆட்டுக் கம்பளி! இருபத்தாறு ஆட்டின்ரையும் அடியில விரிச்சிட்டன்."

"ஓம் மச்சான். அதைத்தான் அரசாங்கம் தேடுது."

"என்னது?"

"முந்தின ரெண்டு வருசமும் ஆர் அனுப்பினது?"

"பண்ணைக்காரன் தன்ரையோட சேத்து அனுப்பினவன். இந்த முறை அவனுக்கு நாரி நோ, குனிஞ்சு தூக்கேலாது எண்டு என்னை எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். ஏன்ரா, என்ன பிரச்சினை?"

சிவதர்ஷன் போனை அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தான். "இந்தக் கையெழுத்தை ஆர் வைச்சது?"

அருள்நேசன் கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். பார்த்தார். அடுத்து அவர் கண் நேரே தங்கச்சியிடம் போனது. துளசி முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு காயைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் தலையையும் ஆட்டவில்லை, கண்ணையும் காட்டவில்லை. ஆனால் அவளைத் தூக்கி வளர்த்தவர் அவர்.

"ஏன் என்ர பேரைப் போட்டனீங்கள்?" சிவதர்ஷன் ஒரு அடி முன்னுக்கு வந்தான். "பன்னிரண்டு வீட்டில என்ர பேர்தான் கிடைச்சுதே? இந்த நாட்டுப் பாஸ்போட் இல்லாதவன்ர பேர்?"

"என்ர பேரில கடை கிடக்கு. வரிக்காரன் ஆட்டையும் கடையோட சேத்திடுவான் எண்டு பயந்தனான். நீ சம்பளக்காரன், உனக்கு ஒரு சில்லெடுப்பும் வராது எண்டு நினைச்சன்ரா. கடவுளாணை, விசாவைப் பற்றி நினைக்கேல்லை."

"கையெழுத்து?"

கல்லாவில் நின்ற ஷோபா, அருள்நேசனின் மனைவி, மிச்சக் காசு கொடுக்கப் போன கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நான்தான் வைச்சனான்," என்றார் அருள்நேசன்.

"எழுதித் தருவியளே?"

"தாறன்."

"இஞ்சருங்கோ!" ஷோபா ஓடி வந்தாள். "கள்ளக் கையெழுத்து வைச்சனான் எண்டு எழுதிக் குடுத்தால் கடை லைசென்சைப் பறிச்சுப்போடுவாங்கள். பொலிசும் வரும். விளங்கித்தான் கதைக்கிறியளே?"

"நீ உள்ளுக்குப் போ."

"நீங்கள் எப்ப அந்தப் படிவத்தில சைன் வைச்சனீங்கள்? நிரப்பினது மட்டும்தான், பேந்து..." என்று அவர் காதுக்குள் சொன்னாள்.

"உள்ளுக்குப் போ எண்டுறன்!"

ஷோபா துளசியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்கு விருப்பமில்லை. போய்விட்டாள்.

கனகவல்லி அனுப்பியிருந்த வாசகத்தைக் கடை அச்சுப்பொறியில் எடுத்தார்கள். 'சிவதர்ஷனுக்குத் தெரியாமல், அவருடைய கையெழுத்தை நானே இட்டேன்.' அருள்நேசன் ஒரே மூச்சில் கையெழுத்து வைத்தார். சிவதர்ஷன் அதைப் படம் பிடித்து, அந்த இடத்திலேயே வக்கீலுக்கு அனுப்பினான்.

"தாரிணிக்குப் பள்ளிக்கூடம் விடுற நேரம், நான் போறன்," என்றான் மனைவியிடம். பிறகு மைத்துனன் பக்கம் திரும்பினான். "மச்சான், இண்டையோட உங்கட வீட்டுக்கும் எங்களுக்கும் ஒண்டுமில்லை. நல்லதுக்கும் வரவேண்டாம், கெட்டதுக்கும் வரவேண்டாம். துளசி, நீரும் வாசல் மிதிக்கக்கூடாது."

அவன் தெருவில் இறங்கினதுதான் தாமதம், துளசி தமையனின் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

"ஏன் அண்ணை? ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வேற என்ன செய்யச் சொல்லுறாய்? உன்னைக் காட்டிக் குடுக்கவோ?"

"நான் அவரிட்டைச் சொல்லப்போறன்."

"விசரே உனக்கு? சொன்னால் அவன் வக்கீலுக்குச் சொல்லுவான். அவன் பொய் சொல்லத் தெரியாத பிறவி." குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பிழை என்ர பிழை. நீ வாயைத் திறக்காதை. நிரந்தர விசா வரட்டும். பேந்து ரெண்டு பேரும் போய் அவன்ர காலில விழுவம்."

"அதுக்குள்ள உங்களைப் பிடிச்சால்?"

"பிடிக்கட்டும். எனக்குப் பாஸ்போட் இருக்கு. என்னை எங்க அனுப்பப்போறாங்கள்?" அவர் சிரித்தார். ஆனால் பூசணிக்காயைத் தூக்கி அவள் பைக்குள் வைத்துவிட்டு, ஷோபா போன பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

துளசி வீட்டுக்கு வந்து சேர நாலு மணி. தாரிணி சோபாவில் படம் வரைந்துகொண்டிருந்தாள். சிவதர்ஷன் தூங்கவில்லை. தேநீர் போட்டு வைத்திருந்தான், அவளுக்கும் ஒரு கோப்பை.

"உம்மில கோபமில்லை துளசி," என்றான். "உமக்கும் அவர் அண்ணைதானே. உம்மையும்தான் ஏமாத்திப்போட்டார். கடைசியில எங்களுக்கு ஆரு? நீர் எனக்கு, நான் உமக்கு, பிள்ளை. வேற ஆரும் வேண்டாம்."

அவன் திட்டியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். தேநீரைக் குடிக்காமல் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குக் கனகவல்லி அழைத்தாள். சிவதர்ஷன் ஜன்னலோரம் போய் நின்று கதைத்தான். "ஓம் மேடம். ஓம், ஓம்." அவன் முகம் தெளியத் தெளிய, துளசிக்கும் மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. கதைத்து முடித்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"விண்ணப்பம் போயிட்டுது! மச்சான்ர கடிதத்தையும் சேத்து அனுப்பியாச்சு. இனித் திரும்ப எடுக்கேலாதாம்."

"அப்பாடா."

"இன்னும் கேளும். மேடம் கம்பளி வாரியத்துக்கும் கடிதத்தைக் காட்டினவவாம். அவையள் என்ன சொன்னவை தெரியுமே? போன வருசம் மே மாதம் ஆட்டுக் கணக்குச் சரிபாக்க படிவத்தில கிடந்த நம்பருக்கு போன் எடுத்தவையாம். நான்தான் பெண்சாதி எண்டு ஒரு பொம்பிளை கதைச்சதாம். ரெக்கோட் பண்ணி வைச்சிருக்கினம்!"

துளசி கோப்பையை மேசையில் வைத்தாள்.

மே மாதம். அடுப்பில் குழம்பு. போனை அவள்தான் எடுத்தாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் மிக மரியாதையாகக் கேட்டாள், நீங்கள் அவருடைய மனைவியா, ஆடுகள் போன முறை மாதிரி இருபத்தாறுதானே என்று. அண்ணை ஆட்டைப் பற்றி யார் கேட்டாலும் ஓம் என்று சொல்லச் சொல்லியிருந்தார். யெஸ், யெஸ், சேம், தாங்க்யூ. அரை நிமிடம்கூட இருக்காது. குழம்பு பொங்கியது, போனை வைத்துவிட்டு ஓடினாள். அதற்குப் பிறகு அந்த அரை நிமிடத்தை அவள் ஒரு நாள்கூட நினைத்தது கிடையாது.

"எங்கட நம்பருக்கு எடுத்திருந்தால் உமக்குத் தெரிஞ்சிருக்குமே..." சிவதர்ஷன் தனக்குத் தானே யோசித்தான். "ஆ! நம்பரையும் மச்சான் மாத்திக் குடுத்திருப்பார். ஷோபாக்காதான் கதைச்சிருக்கிறா. புருசனும் பெண்சாதியும் சேந்து செய்த வேலை! மேடம் சொல்லுறா, இது எங்களுக்கு நல்ல சாட்சியாம். நாளைக்குக் காலமை ஒன்பதரைக்கு ஒபீசுக்கு வரட்டாம். போட்டுக் காட்டுவா. குரல் ஆரின்ர எண்டு நாங்கள் அடையாளம் சொல்லவேணுமாம்."

"நாங்களோ?"

"நான் எண்டால் மாறிச் சொல்லிப்போடுவன்." அவன் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக உடம்பு தளர்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான். "நீரும் வாரும் துளசி. அவவின்ர குரல் உமக்குத்தான் வடிவாத் தெரியும்."